மூச்சு நோயும் வயிற்றுக் குறிகளும்

வங்கக் கடலை ஒட்டிப் பரந்து கிடப்பது பழவேற்காட்டு ஏரி. இந்திய நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசா மாநிலத்துச் சிலிகா ஏரிக்கு அடுத்த பெருமை இதற்கே உரியது. ஆரணியாறு, காளங்கியாறு முதலியன கொணரும் நன்னீரும், முகத்துவாரத்தின் வழியே புகும் கடல்நீரும் இவ்வேரியில் கலக்கின்றன. மழைக்காலத்தில் உப்புக் குறையும், கோடையில் மிகும். இறாலும் நண்டும் மடவையும் இந்நீரில் வளர்கின்றன. ஏரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. அதன் மேற்குக் கரைப்பகுதியில், திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், மாநில எல்லைக்கு அண்மையில் உள்ள ஊர் சுண்ணாம்புக்குளம்.

இவ்வேரியை நம்பி வாழும் ஊர்களின் மீனவர், நீர்ப்பரப்பினைப் பாடுகளாக வகுத்து, இன்னார் இன்ன நாளில் இன்ன பாட்டில் வலை விடுவது என்று முறை வைத்துத் தொழில் செய்யும் வழக்கம் உடையவர். இருளர் குடியினர் ஆழமற்ற நீரில் இறங்கி, கையால் துழாவி இறாலைப் பிடித்து, பல்லால் கவ்விய பறியில் இடுவர். இத்தகைய வாழ்வில் உடல் நலமே முதலாகும். ஒருவர் நோயுற்றுப் படுத்தால் அன்று அவர்தம் வலை கரையில் கிடக்கும், உலையும் எரியாது. அதனால், சிறு நோயைப் பொருட்படுத்தாமல் தொழிலுக்குச் செல்லும் இயல்பு கரையோர ஊர்களில் வேரூன்றியுள்ளது.

வயிற்றுக் கோளாற்றினைப் பற்றி ஊரார்க்கு நெடுநாளைய பட்டறிவு உண்டு. வயிற்றுப்போக்குக் கண்டால், பழகிப் போன மீனை உண்டதால் வந்தது என்பர். தண்ணீர் சேரவில்லை என்பர். வெயிலின் வெம்மை என்பர். இவ்வெண்ணம் பெரும்பாலும் தவறாவதில்லை. ஆனால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய ஒரு நோய், நுரையீரலைப் பற்றுவதாயினும், சிலரிடத்து வயிற்றின் வழியாகவே தன் வரவை முதலில் அறிவித்தது. அவ்வறிவிப்பை உணர்ந்தவர்க்கும் உணராதவர்க்கும் இடையே விளைந்த வேறுபாடு எண்ணிப் பார்க்கத் தக்கது.

கொரோனா வகையைச் சேர்ந்த புதிய வைரசு ஒன்றினால் தோன்றிய அந்நோய், 2019 டிசம்பரில் சீன நாட்டு ஊகான் நகரில் முதலில் அறியப்பட்டது. இந்தியாவில் 2020 சனவரி 30ஆம் நாள் கேரளத்திலும், தமிழ்நாட்டில் அதே ஆண்டு மார்ச்சு 7ஆம் நாளும் முதல் நோயாளர் கண்டறியப்பட்டனர். மார்ச்சு 11ஆம் நாள் உலக நலவாழ்வு நிறுவனம் இதனை உலகப் பெருந்தொற்று எனக் கூறியது. மார்ச்சு 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் சென்னைக் கோயம்பேடு அங்காடியிலிருந்து தொற்றுப் பல மாவட்டங்களுக்கும் பரவியது. 2021ஆம் ஆண்டின் கோடையில் எழுந்த இரண்டாம் அலை முதலலையினும் கொடியதாயிற்று. அரசின் கணக்கின்படி தமிழ்நாட்டில் மட்டும் 38,000க்கு மேற்பட்டோர் இந்நோயால் உயிர் நீத்தனர்.

காய்ச்சல், வறட்டிருமல், மூச்சுத் திணறல் ஆகியவையே இந்நோயின் அடையாளங்கள் என மக்களுக்கு முதலில் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு உண்மையே, ஆயினும் முழுமையானதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் முதன்முதல் இந்நோய் உறுதி செய்யப்பட்டவர், 2020 சனவரியில் மருத்துவரிடம் வந்தபோது, காய்ச்சலும் இருமலும் இருந்ததோடு இரண்டு நாள்களாகக் குமட்டலும் வாந்தியும் இருந்தன என்று கூறினார். மருத்துவமனையில் சேர்ந்த இரண்டாம் நாள் அவருக்கு வயிறு இளகிற்று. அவருடைய மலத்தை ஆராய்ந்தபோது வைரசின் கூறு அதிலும் காணப்பட்டது. அவர் நலம் பெற்றார். நோய் மூச்சுப் பாதையோடு நிற்கவில்லை என்பதற்கு அதுவே தொடக்கக் காலச் சான்றுகளுள் ஒன்றாகும்.

மூச்சுக் குழலைப் பற்றும் வைரசுக்குக் குடலில் என்ன வேலை என்னும் ஐயம் எழலாம். வைரசு தானாக உயிர் வாழ வல்லதன்று. ஏதேனும் ஓர் உயிரணுவினுள் புகுந்தே அது பெருகும். புகுவதற்கு அவ்வணுவின் மேற்பரப்பில் தனக்கு இசைந்த பற்றிடம் ஒன்று வேண்டும். பூட்டுக்கு ஏற்ற திறவுகோல் போல, இவ்வைரசின் மேலுள்ள முள் போன்ற புரதம், ‘ஏ.சி.இ.2’ எனப்படும் புரதத்தோடு பொருந்துகிறது. அப்புரதம் மூக்கிலும் நுரையீரலிலும் உண்டு. சிறுகுடலின் உட்பரப்பில் உள்ள அணுக்களிலோ மிகுதியாக உண்டு. ஆதலின், விழுங்கிய சளியோடு இறங்கியோ வேறு வழியாலோ குடலை அடையும் வைரசு அங்கும் புகுந்து பெருக இடம் உண்டாகிறது. குடலின் அணுக்கள் நீரையும் உப்பையும் உணவின் சத்தையும் உறிஞ்சுபவை. அவை புண்பட்டால் உறிஞ்சும் ஆற்றல் குன்றும். நீர் குடலிலேயே தங்கி வயிற்றுப்போக்காக வெளிப்படும். இந்நோயில் சுவையும் மணமும் அறியும் திறன் பலருக்குக் கெடுவதால் உணவில் விருப்பமும் நீங்குகிறது. நோய்க்கெனத் தரப்படும் சில மருந்துகளும் குமட்டலை உண்டாக்கக் கூடும். எனவே வயிற்றுக் குறி எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே எனக் கொள்ளலாகாது.

இக்குறிகள் எத்தனை பேருக்குத் தோன்றின என்னும் வினாவுக்கு ஆய்வாளர் கூறிய விடைகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டன. சீன நாட்டு மருத்துவமனைகளில் 1,099 நோயாளரைப் பற்றி 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியான ஆய்வு, குமட்டலோ வாந்தியோ நூற்றுக்கு ஐவர்க்கும், வயிற்றுப்போக்கு நூற்றுக்கு நால்வர்க்கும் குறைவாகவே இருந்தன என்றது. அதே நாட்டின் ஊபே மாநிலத்தில் 204 நோயாளரை ஆராய்ந்தோர், அவருள் 103 பேர், அதாவது பாதிக்கு மேற்பட்டோர், வயிற்றுக் குறி உடையவர் என்றனர். ஒரே நோய், ஒரே நாடு, இருபதில் ஒருவர் எங்கே, இருவரில் ஒருவர் எங்கே! இம்முரண்பாடு எவ்வாறு எழுந்தது?

எண்ணும் முறையிலேயே விடை உள்ளது. 103 பேருள் 81 பேர்க்கு இருந்தது உணவில் விருப்பமின்மை. காய்ச்சல் கண்ட எவர்க்கும் உணவு வெறுத்துப் போதல் இயல்பன்றோ? அதனை நீக்கி, வயிற்றுப்போக்கு, வாந்தி, வயிற்றுவலி ஆகியவற்றை மட்டும் எண்ணியபோது, 204 பேருள் 38 பேரே எஞ்சினர். அஃது ஏறத்தாழ ஐவருள் ஒருவர் ஆகும். இருமலோ மூச்சிரைப்போ சிறிதுமின்றி வயிற்றுக் குறி மட்டுமே உடையவர் அறுவர். ஒரு சொல்லின் எல்லையை அகலப்படுத்தினால் எண் பெருகும். சுருக்கினால் எண் குறையும். ஆராய்ச்சிச் செய்தி ஒன்றைக் கேட்கும்போது, எத்தனை பேர் என்று மட்டும் கேளாமல், எதனை எண்ணினர் என்றும் கேட்டல் வேண்டும் என்பது இதனால் தெற்றென விளங்கும்.

இனி, வயிற்றுக் குறி உடையவர்க்கு நோயின் முடிவு எவ்வாறு அமைந்தது என்பது அடுத்த வினா. இங்கும் விடை ஒருபடித்தாய் இல்லை. ஊபே ஆய்வினர், நோய் முற்ற முற்ற வயிற்றுக் குறிகளும் மிகுந்தன என்றனர். நியூயார்க்கு நகரிலோ நிலைமை வேறாகத் தோன்றியது. அந்நகரின் ஒரு மருத்துவமனையில் 278 நோயாளரை ஆராய்ந்தபோது, மூவரில் ஒருவர்க்கு வயிற்றுக் குறி இருந்தது. அவர்க்கு நோய் நீடித்ததெனினும், குறுகிய காலத்தில் இறந்தோர் அவருள் குறைவு. அந்நகரின் மவுண்டு சைனாய் மருத்துவமனையில் 634 பேரை ஆராய்ந்தோரும், வயிற்றுக் குறி உடையோருள் இறந்தோர் விகிதம் ஏனையோரின் விகிதத்தில் ஏறத்தாழப் பாதியே என்று கண்டனர்.

ஓரிடத்தில் வயிற்றுக் குறி தீமைக்கு அடையாளம். மற்றோரிடத்தில் நன்மைக்கு அடையாளம். எதனை நம்புவது? இரண்டு ஆய்வும் பொய்யல்ல என்பதை முதலில் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தோரை மட்டும் ஆராய்ந்தால், வீட்டிலேயே நலம் பெற்றோர் கணக்கில் வாரார். மூச்சுத் திணறி நினைவிழந்து கொண்டுவரப்பட்டவர், தமக்கு வயிற்றுவலி இருந்ததென்று எடுத்துரைக்க வல்லவரல்லர். அவரது ஏட்டில் வயிற்றுக் குறி இல்லையென்றே எழுதப்படும். இளையோர்க்கும் முதியோர்க்கும் நோயின் போக்கு வேறு. நோய் தொடங்கிய மறுநாள் வந்தவரையும் பத்தாம் நாள் வந்தவரையும் ஒரே நிரையில் வைத்து எண்ணுதல் பொருந்தாது. குடலில் பெருகும் தொற்று உடலின் அழற்சியைத் தணிக்கிறதோ என்னும் கருத்தும் அறிஞரிடையே உண்டு. அஃது இன்னும் உறுதி பெறவில்லை. எனவே, வயிற்றுக் குறியைக் கண்டு ‘இவர் பிழைப்பார்’ என்றோ ‘இவர் பிழையார்’ என்றோ தீர்ப்புக் கூறுதல் அறிவுடைமை ஆகாது. அக்குறி வழிகாட்டும் கைகாட்டி மரமேயன்றி, முடிவு கூறும் நடுவர் அன்று.

அக்கைகாட்டியை நோக்காமல் போவதால் விளையும் தீங்கோ ஐயத்திற்கு இடமற்றது. ஊபே ஆய்வில், வயிற்றுக் குறி இல்லாதவர் நோய் தொடங்கிச் சராசரி 7.3 நாளில் மருத்துவமனையை அடைந்தனர். வயிற்றுக் குறி உடையவரோ 9.0 நாள் கழித்தே அடைந்தனர். இருமல் வந்தவர் மூச்சு நோயோ என அஞ்சி விரைந்தனர். வயிறு கெட்டவர் உணவின் குற்றம் என்று எண்ணிக் காலம் தாழ்த்தியிருத்தல் கூடும்.

இதனை ஏரிக்கரை வாழ்வோடு பொருத்திப் பார்த்தல் நலம். பெருந்தொற்று மூண்டிருந்த காலத்தில் மீனவர் ஒருவர்க்கு வைகறையில் மூன்று முறை வயிறு போயிற்று என வைத்துக்கொள்க. இருமல் இல்லை. முந்தைய நாள் உண்ட இறாலின்மேல் பழியைப் போடுகிறார். கடையில் வாங்கிய மாத்திரையை விழுங்கிவிட்டு, தம் பாட்டின் முறை தவறிவிடுமே என்று வலையோடு செல்கிறார். படகில் உடனிருப்போர் இருவர். இரவில் திரும்பி, நீரிழிவு நோய் உடைய முதிய தாயோடு ஒரே அறையில் உறங்குகிறார். நான்காம் நாள் உடல் சோர்கிறது. ஏழாம் நாள் மூச்சு இரைக்கிறது. இடைப்பட்ட ஆறு நாளில் நோய் அவருடைய உடலில் வளர்ந்ததோடு, படகிற்கும் வீட்டிற்கும் பரவியிருத்தல் கூடும். முதல் நாளே ஐயுற்று ஆரம்பச் சுகாதார நிலையத்தை நாடியிருந்தால், அவர் இழப்பது ஒரு நாள் கூலியே; காப்பதோ தாயின் உயிராகவும் இருக்கலாம்.

வயிற்றுக் குறி எவ்வகை நோயால் வரினும், முதலில் காக்க வேண்டுவது உடலின் நீர். வாந்தியாலும் பேதியாலும் நீரும் உப்பும் வெளியேறினால் நாவறளும்; கண் குழியும்; சிறுநீர் குறையும்; தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மெல்ல மறையும்; பின்னர் மயக்கம் வரும். மூச்சு நோயால் நலிந்த உடல் இவ்விழப்பையும் தாங்குதல் அரிது. இதற்கு உரிய மருந்தின் பெருமையை உலகுக்குக் காட்டியவர் இந்திய மருத்துவர் ஒருவர். 1971ஆம் ஆண்டில் வங்காள தேசப் போரின்போது, எல்லையை அடுத்த வனகாவுன் என்னும் ஊரின் ஏதிலியர் முகாமில் வாந்திபேதி மூண்டது. நரம்பு வழியாகச் செலுத்தும் உப்புநீர் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனாபிசு என்னும் மருத்துவர், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே பருகக் கொடுத்தார். அதுவரை நூற்றுக்கு முப்பது வரை இருந்த இறப்பு, நான்கிற்கும் கீழே குறைந்தது. சர்க்கரை குடலில் உறிஞ்சப்படும்போது உப்பையும் நீரையும் உடன் இழுத்துச் செல்வதே அதன் நுட்பம். கழிச்சல் மிகுந்த போதும் இவ்வழி அடைபடுவதில்லை.

அக்கரைசற் பொடி இன்று அரசு மருத்துவமனைகளிலும் கடைகளிலும் கிடைக்கிறது. ஒரு பொட்டலத்தை, அதன்மேல் குறித்த அளவு நீரில் முழுவதும் கரைத்தல் வேண்டும். பொடி கிடையாதபோது, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் இட்டுக் கலக்கலாம். ஏரிக்கரை ஊரார் இங்கு ஒன்றனை மறத்தல் ஆகாது. உவர்ப்பேறிய கிணற்று நீரில் முன்னரே உப்பு உண்டு. அதில் கரைசலைக் கலந்தால் உப்பு மிகுந்து தீங்கு பயக்கும். நீரைக் கொதிக்க வைத்தாலும் உப்பு நீங்காது. எனவே நல்ல குடிநீரையே கொள்ளுதல் வேண்டும். ஒரேயடியாகப் பருகாமல் சிறிது சிறிதாகப் பருகினால் வாந்தி தணியும். கஞ்சியும் மோரும் வயிற்றுக்கு இதமளிக்கும். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்துதல் கூடாது.

நீரைக் காப்பதோடு மூச்சையும் கவனித்தல் வேண்டும். இந்நோயில் உயிருக்கு ஊறு விளைப்பது பெரும்பாலும் நுரையீரலின் தளர்ச்சியே. விரலில் மாட்டும் சிறு கருவியால் குருதியின் பிராணவாயு அளவை அறியலாம். அது 94க்குக் கீழ் இறங்கினாலும், மூச்சு இரைத்தாலும், மார்பு வலித்தாலும், உதடு நீலம் பூத்தாலும், பேச்சுத் தடுமாறினாலும், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் கடமை. மலத்தில் குருதி காணினும், பருகிய நீர் வயிற்றில் தங்காவிடினும் அவ்வாறே செய்தல் வேண்டும். 108 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் அவசர ஊர்தி வரும். முதியோர், கருவுற்ற மகளிர், நீரிழிவும் இதய நோயும் உடையவர் ஆகியோர் பொருட்டுச் சிறிதும் தாமதித்தல் ஆகாது.

நோயாளியின் மலத்திலும் வைரசின் கூறு உண்டு என்பதால் தூய்மை இருமடங்கு இன்றியமையாததாகிறது. 2003ஆம் ஆண்டில் இவ்வைரசின் இனமான சார்சு வைரசு ஆங்காங்கு நகரில் பரவியபோது, அமாய் தோட்டம் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அவருள் மூன்றில் இரு பங்கினர்க்கு வயிற்றுப்போக்கு இருந்தது. குளியலறைத் தரைக் குழாய்களின் வளைவில் நிற்க வேண்டிய நீர் வற்றியதால், கழிவுக் குழாயின் நுண்துளிகள் வீடுகளுக்குள் ஏறின என்று ஆராய்ந்தோர் கண்டனர். கொரோனா நோய் பெரிதும் மூச்சுக் காற்றினாலேயே பரவியது. மலத்தின் வழியாகப் பரவியதற்குச் சான்று குறைவு. ஆயினும் கழிப்பிடத்தைத் தூய்மையாக வைத்தலும், அதன்பின்பும் உண்ணுமுன்பும் சோப்பிட்டுக் கை கழுவுதலும், இந்நோயோடு வாந்திபேதி முதலிய பல நோய்களையும் ஒருங்கே தடுக்கும். மலத்திலுள்ள அக்கூறே மற்றொரு வகையில் பயன்பட்டதும் உண்டு. 2020 மே மாதத்தில் அகமதாபாது நகரின் கழிவுநீரில் இவ்வைரசின் கூற்றைக் காந்திநகர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் கண்டறிந்தனர். ஒருவரையும் தொடாமல் ஊரின் நோயை அறிய அது வழி வகுத்தது.

தடுப்பூசி இடுதல் 2021 சனவரி 16ஆம் நாள் இந்தியாவில் தொடங்கியது. 2023 மே 5ஆம் நாள், உலக அளவிலான நெருக்கடி நிலை முடிந்தது என உலக நலவாழ்வு நிறுவனம் கூறியது. நெருக்கடி முடிந்ததேயன்றி வைரசு மறையவில்லை. இன்புளுயன்சா என்னும் சளிக்காய்ச்சலும் ஆண்டுதோறும் வருகிறது. அதிலும் வாந்தியும் பேதியும் தோன்றுவதுண்டு. சிறுவரிடத்து அவை மிகுதி. ஆதலின் மூச்சு நோய் பரவும் காலத்தில் வயிற்றின் குறியையும் நோக்குதல் என்னும் பாடம் ஒரு நோய்க்கு மட்டும் உரியதன்று.

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு அருகிருந்து பேணுவோனையும் சேர்த்து மருத்துவத்தை நாற்கூறாக வகுக்கின்றது. பேணுவோர் இடம் பெரும்பாலும் வீட்டிலுள்ளோர்க்கே வாய்க்கிறது. நோயாளி எத்தனை முறை வாந்தி எடுத்தார், எவ்வளவு நீர் பருகினார், மூச்சு எவ்வாறு வந்தது என்று கண்டு மருத்துவரிடம் மறையாமல் எடுத்துரைக்க வல்லவர் அவரே. கல்வி கற்ற சிறுவர் ஒருவர் ஒரு வீட்டில் இருந்தால், கரைசலை அளவறிந்து கலத்தலும், கருவியின் எண்ணைப் படித்தலும், ‘இறாலின் குற்றமாயினும் ஒருமுறை காட்டி வருவோம்’ என்று பெரியோரைப் பணிந்து வேண்டுதலும் அவரால் இயலும். வீண் அச்சமும் வேண்டா. வீண் துணிவும் வேண்டா. குறியைக் கண்டு காலத்தே செயற்படுதலே உயிரைக் காக்கும் அறிவாகும்.